அறையை அளந்துவிட்டு ஸ்பீக்கர் வாங்குங்கள்

இடுப்பளவு உயரம், முன்பக்கம் மூன்று நான்கு வட்டங்கள், அவற்றை மூடிய கறுப்புத் துணி. தரையில் நிறுத்தும் ஸ்பீக்கர்களுக்குப் பார்வையிலேயே ஒரு கம்பீரம் உண்டு. புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும். யாராவது வீடு மாறும்போது விற்கும் பழைய ஜோடி என்றால், சில நூறு ரிங்கிட்டில் முடிந்துவிடலாம்.

நீங்கள் தானா ராத்தாவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக் கேட்க உங்களுக்கு இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. விடுமுறையில் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறீர்கள். ஈப்போவில் இரண்டு ஜோடி விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று பெரியது, '200 வாட்' என்று எழுதியிருக்கிறது. மற்றொன்று ஒல்லியானது. விலை ஒன்றுதான். எதை வாங்குவீர்கள்?

பெரும்பாலானோர் பெரியதையே தூக்கி வருவார்கள். பணம் வீணாவதும் பெரும்பாலும் இப்படித்தான். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல விலைப்பட்டியல் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் அலைகள் பாடமும் ஓர் அளவுநாடாவும் போதும்.

அறையும் சேர்ந்து பாடும்

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நேராக உங்கள் காதுக்கு மட்டும் வருவதில்லை. சுவர், தரை, கூரை என்று எல்லாவற்றிலும் மோதித் திரும்புகிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே ஓர் ஒலி அலை போய்ப் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். அந்த அலையின் பாதி நீளம் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சரியாக இருந்தால், போகும் அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தும். இதைத்தான் நிலை அலை என்று படிக்கிறோம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரமாகப் போகும் அல்லவா? அதுபோல, அந்த ஒரு சுருதியில் மட்டும் அறை ஒலியைப் பெருக்கிவிடும். இது ஒத்ததிர்வு.

அப்படிப் பெருகும் சுருதி பாட்டில் வரும்போதெல்லாம் 'கும்' என்று ஒலிக்கும். அடுத்த சுருதி வந்த பிறகும் அது அடங்காமல் நிற்கும். உருமி மேளத்தில் தோலை உரசி எழுப்பும் ஒலியின் ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்காமல் ஒரே முழக்கமாகத் தெரிந்தால், குறை ஸ்பீக்கரில் இல்லாமல் அறையிலும் இருக்கலாம்.

உங்கள் அறையின் மூன்று எண்கள்

அந்தச் சுருதிகள் எவை என்று கணக்கிடுவது எளிது. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். தானா ராத்தாவின் சராசரி வெப்பநிலை 18 டிகிரியை ஒட்டியது. ஆகவே அங்கே ஒலியின் வேகம் ஏறத்தாழ 342 மீட்டர். அதில் பாதி 171. இந்த 171-ஐ அறையின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றாலும் தனித்தனியாக வகுத்தால் போதும்.

நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர்: 171 ÷ 3.66 = 47 ஹெர்ட்ஸ்.
அகலம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர்: 171 ÷ 3.05 = 56 ஹெர்ட்ஸ்.
உயரம் 9 அடி, அதாவது 2.74 மீட்டர்: 171 ÷ 2.74 = 62 ஹெர்ட்ஸ்.

47, 56, 62. இவைதான் இந்த அறை வலுப்படுத்தும் முதல் மூன்று சுருதிகள். இவற்றின் இரு மடங்கு, மூன்று மடங்கிலும் ஒத்ததிர்வு உண்டு. பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஆக, தாழ்ந்த சுருதிகள் வாழும் இடத்திலேயே உங்கள் அறை மூன்று மேடுகளைப் போட்டு வைத்திருக்கிறது.

அறை சதுரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீளமும் அகலமும் 10 அடி என்றால் இரண்டு மேடுகளும் 56 ஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். உயரமும் 10 அடி என்றால் மூன்றும் ஒரே இடத்தில்!

பெரிய மண்டபத்திலும் இதே கணக்குதான். ஆனால் 20 மீட்டர் நீள மண்டபத்தின் முதல் ஒத்ததிர்வு 9 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்கத் தொடங்குகிறது. காதுக்குக் கேட்கும் பகுதியில் அங்கே ஏராளமான மேடுகள் நெருக்கமாக அமைந்துவிடுவதால் எதுவும் தனித்துத் தெரிவதில்லை. சிறிய அறையில் அவை விலகி விலகி நிற்கின்றன. அதனால்தான் துருத்திக்கொண்டு கேட்கின்றன.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். '40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர்; சிறு அறைக்குள் அது உருவாகவே முடியாது' என்பார்கள். அப்படியானால் காதுக்குள் செருகும் இயர்போனில் தாழ்ந்த சுருதி எப்படிக் கேட்கிறது? செவிப்பறைக்குத் தேவை காற்றழுத்த மாற்றம் மட்டுமே. முழு அலையும் அறைக்குள் அடங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சிறு அறையின் சிக்கல், தாழ்ந்த ஒலி எல்லாச் சுருதியிலும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதே.

மலைக்காற்று எதையாவது மாற்றுமா?

தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ 85 விழுக்காடுதான். காற்று மெல்லியது என்பதால் ஒலி மெதுவாகப் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். போகாது. உயரே போகப் போக அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைகின்றன. வெப்பநிலை மாறாவிட்டால் ஒலியின் வேகமும் மாறுவதில்லை.

வெப்பநிலை வேறுபாடு மட்டும் கணக்கில் வரும். 30 டிகிரியில் கோலாலம்பூரில் வேகம் சுமார் 349 மீட்டர். அதே 12 அடி அறை அங்கே 48 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். வேறுபாடு ஒரே ஒரு ஹெர்ட்ஸ்.

அடர்த்தி குறைவதற்கும் ஒரு விளைவு உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு அதே அளவு அசைந்தாலும், தள்ளப்படும் காற்று இலேசாக இருப்பதால் ஒலி சற்றே குறையும். கணக்கிட்டால் ஏறத்தாழ 1 டெசிபெல். ஒலியைக் கூட்டும் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். ஆகவே மலையில் இருப்பதற்காகப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை.

எந்த அளவு பொருந்தும்?

ஸ்பீக்கரின் விவரத் தாளில் '38–20,000 ஹெர்ட்ஸ், கூட்டல் கழித்தல் 3 டெசிபெல்' என்று இருக்கும். அந்த எல்லைக்குள் அதன் ஒலி 3 டெசிபெலுக்கு மேல் கூடாது, குறையாது என்று பொருள். கூட்டல் கழித்தல் அளவு எழுதப்படாவிட்டால் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

25 அல்லது 30 செ.மீ. விட்டமுள்ள வூஃபர் கொண்ட பெரிய பெட்டி 35 ஹெர்ட்ஸ் வரை முழு வலுவோடு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் அறையின் 47, 56, 62 என்ற மூன்று மேடுகளையும் அது முழுப் பலத்தோடு தட்டி எழுப்பும். 13 முதல் 16 செ.மீ. வூஃபர் கொண்ட ஒல்லியான ஸ்பீக்கர் பலவற்றில் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தானாகவே குறைந்துகொண்டு போகும். அங்கே அறை கொடுக்கும் கூடுதல் பலம் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். இரண்டும் சேர்ந்து சீரான ஒலியாக வரும்.

உட்காரும் தூரமும் முக்கியம். பெரிய மூன்று வழி ஸ்பீக்கரில் மேலே இருக்கும் ட்வீட்டருக்கும் கீழே இருக்கும் வூஃபருக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாம். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து காதுக்கு வரும். பத்தடி அறையில் இரண்டு மீட்டர்கூடத் தள்ளி உட்கார முடிவதில்லை. பாடகரின் குரல் ஓரிடத்திலும் மேளம் வேறிடத்திலும் இருப்பதுபோல் தோன்றும்.

அறைக்கு ஏற்ப ஸ்பீக்கரை அமைப்பது புதிய யோசனை அல்ல. பிரிட்டனின் பி.பி.சி. வானொலி நிறுவனத்துக்கு 1970-களில் இதே சிக்கல் வந்தது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் உட்கார்ந்து ஒலியின் தரத்தைக் கவனிக்க வேண்டும். அதற்காக அதன் பொறியாளர்கள் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரின் உயரம் வெறும் 30 செ.மீ. மிகத் தாழ்ந்த ஒலியை விட்டுக்கொடுத்து, குரல் தெளிவைக் காப்பாற்றினார்கள். இன்றும் பழைய பொருள் சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. தரையில் நிறுத்தும் வகைதான் வேண்டும் என்றாலும், அவர்களின் பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

வாட் எண்ணும் உங்கள் காதும்

'200 வாட்' என்பது அந்த ஸ்பீக்கர் தாங்கக்கூடிய மின்திறன். எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் எண் உணர்திறன். '87 டெசிபெல்' என்று இருந்தால், 1 வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் ஒலி கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஆக இரண்டு மீட்டரில் 81. இரண்டு ஸ்பீக்கர்கள், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாம் சேர்ந்தால் அதைவிடச் சில டெசிபெல் கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். சிறார்களுக்கு 75 டெசிபெல். சிறு அறையில் ஒரே ஒரு வாட் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதைக் கவனியுங்கள். மீதி 199 வாட்டுக்கு அங்கே வேலை இல்லை. மின்திறன் இரு மடங்கானாலும் கூடுவது வெறும் 3 டெசிபெல்தான்.

மூடுபனி ஸ்பீக்கருக்கு ஆகாது

அறைக்கு ஏற்ற அளவைத் தீர்மானித்துவிட்டீர்கள். இனி, அந்தப் பழைய ஜோடி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தேயிலைக்கு உகந்த அந்த ஈரம் ஸ்பீக்கருக்கு எதிரி.

கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் பல பழைய ஸ்பீக்கர்களில் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சால் ஆனது. காற்றிலுள்ள ஈரமும் வெளிச்சமும் பல ஆண்டுகள் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துவிடும். தொட்டாலே ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். ரப்பர் வளையமும் துணி வளையமும் இதைவிட நெடுநாள் தாங்கும். ஈரமான ஊரில் இருப்பவர்கள் அவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

விலை பேசும் முன் ஆறு சோதனைகள்

1. முகப்புத் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். வளையத்தில் விரிசல் இருக்கிறதா, கூம்பில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, பெட்டியின் அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நுரை வளையத்தை மாற்ற முடியும். ஆனால் அதற்கான செலவை விலையில் கழிக்க வேண்டும். உப்பிய பலகையைச் சரிசெய்வது கடினம்.

2. வூஃபர் கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து, சமமாக, மெதுவாக அழுத்திவிடுங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். 'கரகர' என்றால் உள்ளே கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுகிறது. ட்வீட்டரைத் தொடவே கூடாது.

3. ஆம்ப்ளிஃபையர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் முனைகளில் தொட வையுங்கள். பேட்டரியின் நேர்முனை சிவப்பு முனையில் பட்டால் வூஃபர் பொதுவாக வெளியே தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிரெதிர் திசை என்றால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்; தாழ்ந்த ஒலி அடிபட்டுப் போகும். பின்னால் கம்பிகளை மாற்றிச் செருகினால் சரியாகும். ஆனாலும் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

4. மல்டிமீட்டரால் தடையை அளங்கள். '8 ஓம்' ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 ஓம் காட்டும். 8 என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கான மறுப்பு. மல்டிமீட்டர் அளப்பது நேர்திசைத் தடையை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம்.

5. மல்டிமீட்டரால் ட்வீட்டரைச் சோதிக்க முடியாது. அதன் முன்னால் இருக்கும் மின்தேக்கி நேர்திசை மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, பாட்டைக் குறைந்த ஒலியில் வைத்து, ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

6. கைப்பேசிச் செயலியால் 200 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஹெர்ட்ஸ் வரை சுருதியை மெல்லக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒலி குறைவாகவே இருக்கட்டும். இடையில் எங்காவது 'டர்ர்' என்று வந்தால் பெட்டியிலோ கூம்பிலோ ஏதோ தளர்ந்திருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மழைச் சத்தம் குறையை மறைத்துவிடும்.

கடைசியாக, மின்னல் எஃப்.எம். அறிவிப்பாளரின் குரலை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் ஒலிக்கவிட்டு நடுவில் நில்லுங்கள். குரல் சரியாக நடுவிலிருந்து வருவதுபோல் தோன்ற வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால் ஒன்று பழுது. பிறகு மிருதங்கம் கேளுங்கள். வலந்தலையின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதால்தான் அது சுருதியோடு ஒலிக்கிறது என்பதை சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிக் காட்டினார். அந்தச் சுருதி தெளிவாகவும் தொப்பியின் ஆழ்ந்த ஒலி தனியாகவும் கேட்டால், ஸ்பீக்கர் நன்றாக உழைக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளாதீர்கள். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வேண்டாத அளவு பெருகும். பின்சுவரிலிருந்து அரை மீட்டராவது விலக்கிப் பாருங்கள். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் தூரம் வேறு வேறாக இருக்கட்டும். நீங்களும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமையுங்கள். பெட்டியில் காற்றுத் துளை இருந்து ஒலி இன்னும் கும்மென்று இருந்தால், ஒரு சோடிக் காலுறையைச் சுருட்டித் துளையில் அடைத்துப் பாருங்கள். பெட்டி ஏறக்குறைய மூடிய பெட்டியாகி, மிகத் தாழ்ந்த ஒலி குறையும். செலவே இல்லாத திருத்தம் இது.

திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி எல்லாம் எதிரொலியைக் குறைக்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாதபடி எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பணி 1895-இல் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அங்கே ஓர் ஒலி அடங்க 5 வினாடிக்கு மேல் ஆனது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இரவு நேரத்தில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, நிறுத்துக்கடிகாரத்தால் அளந்து, ஒலி நீடிக்கும் நேரம் அறையின் கன அளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் பொறுத்தது என்று கண்டுபிடித்தார்.

ஆனால் மெல்லிய மெத்தையால் தாழ்ந்த ஒலியைப் பிடிக்க முடியாது. 47 ஹெர்ட்ஸ் அலையின் கால் பகுதியே 1.8 மீட்டர் நீளம். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் அது அடங்காது. இதே காரணத்தால், தோட்டத்து லயத்தில் பொதுச் சுவருக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டும். சுவர் தடுக்கும் ஒலி, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. பாடகரின் குரலைப் பலகைச் சுவர் ஓரளவு நிறுத்திவிடும். 'தும் தும்' மட்டும் அப்படியே கடந்து போகும். விடியற்காலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போகிறவர் அந்தச் சுவருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒல்லியான ஜோடியை வாங்க இது இன்னொரு நல்ல காரணம்.

செய்து பாருங்கள்

வூஃபர் உள்ள ஏதாவது ஒரு ஸ்பீக்கரைக் கைப்பேசியோடு இணையுங்கள். கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கர் இதற்குப் போதாது. உங்கள் அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து 171-ஐ வகுத்து வரும் சுருதியை, சமவெளியில் இருந்தால் 175-ஐ வகுத்து வரும் சுருதியை, குறைந்த ஒலியில் ஓடவிடுங்கள். இப்போது ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மெதுவாக நடங்கள். சுவரருகே ஒலி வலுவாக இருக்கும். நடுவில் வரும்போது ஏறக்குறைய மறைந்துவிடும். எதிர்ச் சுவரை நெருங்கும்போது மறுபடி எழும்.

உங்கள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டியும் போடக் கூடாது, அறையின் சரி நடுவிலும் போடக் கூடாது என்பதை அந்த நடை சொல்லிவிடும். சுவருக்கும் நடுவுக்கும் இடையில் எந்த இடத்தில் ஒலி சீராக இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். மூன்று எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஈப்போவுக்குப் பஸ் ஏறலாம்.